டெக்கிலிருந்து கண்ட்ரோல் ரூம் வரை: கொங்கு நாட்டில் மாடுலேட்டரின் வரலாறு

1980களின் தொடக்கத்தில் இந்தியாவில் விற்ற டிவிப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் படமும் ஒலியும் நுழைய ஒரே வழிதான் இருந்தது: பின்பக்கத்து ஆண்டெனா சாக்கெட். படத்துக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என்று தனித்தனிச் சாக்கெட்டுகள் பின்னால்தான் பரவலாக வந்தன. வீடியோ டெக், கேமரா, வீட்டுக் கணினி என்று எதை இணைத்தாலும், அது ஓர் ஒளிபரப்பு நிலையத்தைப் போல டிவி அதிர்வெண்ணில் ஏறி வந்தாக வேண்டும். அப்படி ஏற்றித் தரும் சுற்றுக்குப் பெயர் மாடுலேட்டர். கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர் பக்கங்களில் பின்னாளில் தெருத்தெருவாகப் பரவிய கேபிள் டிவித் தொழில் இந்தச் சுற்றை நம்பியே எழுந்தது. மொட்டை மாடி டிஷ்ஷையும் கம்பத்துக்குக் கம்பம் ஓடிய கறுப்புக் கேபிளையும் ஊரே பார்த்தது. அலமாரிக்குள் வரிசையாக எரிந்த மாடுலேட்டர்களைக் கேபிள்காரரும் மெக்கானிக்கும் மட்டுமே அறிந்திருந்தார்கள்.

இந்தியா எடுத்துக்கொண்டது பால்-பி முறை. ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். விஎச்எஃப் பகுதியில் சேனல் ஒன்றுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் இடம். அந்த இடத்தின் கீழ் எல்லையிலிருந்து 1.25 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் படத்தின் ஊர்தி அலை நிற்கும், அதற்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் மேலே ஒலியின் ஊர்தி அலை. இரண்டாம் சேனலில் படம் 48.25, ஒலி 53.75, நான்காம் சேனலில் 62.25, 67.75, பன்னிரண்டாம் சேனலில் 224.25, 229.75. படம் வீச்சுப் பண்பேற்றத்திலும் ஒலி அதிர்வெண் பண்பேற்றத்திலும் செல்லும்.

படத்தைப் பண்பேற்றுவது தலைகீழாக நடக்கிறது. கோடுகளை ஒழுங்காக நிறுத்தும் ஒத்திசைவுத் துடிப்பு வரும்போது அலை உச்சத்தில் இருக்கும். படத்தில் வெள்ளை கூடக் கூட அலை தாழும். முழு வெள்ளையிலும் உச்சத்தின் பத்தில் ஒரு பங்காவது மிஞ்ச வேண்டும். அந்த மிச்சத்தைக் கொண்டுதான் டிவிப் பெட்டி 5.5 மெகாஹெர்ட்ஸ் ஒலியைப் பிரித்தெடுக்கிறது. வீடியோ அளவைக் கூட்டி வைத்துவிட்டால் வெள்ளையில் ஊர்தி அலை அற்றுப்போகும், ஒலியில் உறுமல் கேட்கும். கேபிளில் படம் பார்த்தவர்களுக்கு இது பழக்கமானது: படத்தின் தொடக்கத்தில் வெள்ளை எழுத்துகள் ஓடும்போதெல்லாம் ஸ்பீக்கர் இரையும், எழுத்து மறைந்ததும் அடங்கும். கேசட்டில் கோளாறு என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் அது மாடுலேட்டரின் ஒரு திருகைச் சற்றே குறைத்தால் தீரும் விஷயம்.

இவ்வளவையும் தனித்தனி டிரான்சிஸ்டர்களால் செய்ய முடியும். நெடுங்காலம் அப்படித்தான் செய்தார்கள். 1972இல் அமெரிக்காவில் வந்த முதல் வீட்டு டிவி விளையாட்டுக் கருவியான மேக்னவாக்ஸ் ஒடிசி, அங்குள்ள மூன்றாம் அல்லது நான்காம் சேனலில் ஏறித்தான் பெட்டிக்குள் புகுந்தது. இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ, சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் ஆகிய வீட்டுக் கணினிகளில் ஆஸ்டெக் நிறுவனத்தின் சிறு தகரப் பெட்டி மாடுலேட்டர் இருந்தது. இவ்வளவையும் ஒரே சில்லில் அடக்கும் ஐசிக்கான அடித்தளம் வேறொரு பக்கம் உருவானது. இரண்டு மின்குறிகளைத் துல்லியமாகப் பெருக்கும் டிரான்சிஸ்டர் அமைப்பை பேரி கில்பர்ட் 1968இல் விளக்கி எழுதினார். ஒரே சில்லில் அருகருகே வார்க்கப்பட்ட டிரான்சிஸ்டர்கள் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும், சூடேறினாலும் சேர்ந்தே மாறும். அதனால் அந்த அமைப்புக்கு ஐசியே இயல்பான வீடு. மோட்டரோலாவின் எம்சி 1496 அந்த வகையைச் சேர்ந்தது. வீடியோவை ஊர்தி அலையோடு பெருக்குவதுதான் பண்பேற்றம் என்பதால், டிவிக்கென்று தனி ஐசி செய்ய அதிலிருந்து வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

நேஷனல் செமிகண்டக்டரின் எல்எம் 1889இல் ஒலிக்கான அலையியற்றி, நிறத்துக்கான அலையியற்றி, தாழ்ந்த விஎச்எஃப் சேனல்கள் இரண்டுக்கான அலையியற்றிகள், பண்பேற்றிகள் எல்லாம் ஒன்றாக இருந்தன. மோட்டரோலாவின் எம்சி 1372, 1980இல் வந்த டிஆர்எஸ்-80 வண்ணக் கணினியில் அமர்ந்தது. அதே நிறுவனத்தின் எம்சி 1374 இன்னும் எளிது: 14 கால்கள், ஒரு பக்கம் ஒலியை அதிர்வெண் பண்பேற்றும் பகுதி, மறுபக்கம் படத்தை ஏற்றும் பகுதி, வெளியே சில காயில்களும் மின்தேக்கிகளும். சுமார் 105 மெகாஹெர்ட்ஸ் வரை அதில் எட்டலாம். இந்தியாவின் 2, 3, 4ஆம் சேனல்கள் அதற்குள் அடங்கின. சீமென்ஸின் டிடிஏ 5660 அந்த எல்லையை உடைத்தது. 48 முதல் 860 மெகாஹெர்ட்ஸ் வரை டிவி அதிர்வெண் எதுவானாலும் காயிலை மாற்றிக்கொண்டால் போதும். அலையியற்றியை நிலைநிறுத்தும் அறிவு அனுபவசாலியின் கையில் மட்டும் இருந்த நிலை இந்த ஐசிகளால் மாறியது. சர்க்யூட் படம் படிக்கத் தெரிந்த மெக்கானிக் யாரும் ஒரு சேனலை உண்டாக்கலாம் என்றானது.

அப்படிப்பட்ட மெக்கானிக்குகளுக்குக் கோவையில் பஞ்சம் இல்லை. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் மின்மோட்டார் செய்த ஊர் இது. ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941இல் சொன்னவரும் ஜி.டி. நாயுடுதான். பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி 1951இல் வந்தது. கோவை தொழில்நுட்பக் கல்லூரி 1956இல். ஐடிஐகளில் ரேடியோ–டிவி மெக்கானிக் படித்து வந்தவர்கள் சிறு கடைகளை வைத்தார்கள். வேண்டிய உதிரி பாகங்களுக்குச் சென்னை ரிச்சி தெருவும் பெங்களூரு எஸ்.பி. ரோடும் ஓர் இரவுப் பேருந்துப் பயண தூரத்தில் இருந்தன.

ஆட்கள் இருந்தார்கள், சிக்னல்தான் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த கோவைக்கு அது எட்டவில்லை. 1982இல் வண்ண ஒளிபரப்பும் தில்லி ஆசிய விளையாட்டும் வந்தபோது டிவி, வீடியோ டெக் இரண்டின் இறக்குமதிக்கும் கதவு திறந்தது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்களின் பெட்டிகளில் டெக்குகள் வந்தன. ஆண்டெனாவுக்கு வேலையே இல்லாத ஊர்களில் டிவி இப்படித்தான் நுழைந்தது. கொங்குப் பகுதியில் பல பெட்டிகள் முதன்முதலில் பிடித்த நிலையம் டெக்கின் உள்ளே இருந்த மாடுலேட்டர்தான். தூர்தர்ஷன் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. இந்த முன்பின் வரிசை முக்கியமானது. டிவி என்றால் தலைநகரத்திலிருந்து வருவது என்ற எண்ணம் வேரூன்றும் முன்பே, பக்கத்து அறையிலிருந்தும் வரக்கூடியது அது என்று இங்கே மக்கள் பழகியிருந்தார்கள்.

டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு விடுவது ஒரு தொழிலானது. கல்யாண வீட்டுக்கும் கோயில் நோன்புக்கும் ஓர் இரவுக்கு டிவி, டெக், மூன்று படங்களின் கேசட் என்று பேசி முடிப்பார்கள். வாடகைக்கு எடுத்துச் செல்லும் பையன் முதலில் செய்யும் வேலை சேனலைத் தேடுவது. டெக்கின் வெளியீடு யுஎச்எஃப் பகுதியில் இருந்து, டிவியோ 12 சேனல் விஎச்எஃப் பெட்டியாக இருந்தால் நடுவில் ஒரு மாற்றி வேண்டும். நாட்டுக்கு நாடு ஒலியின் இடைவெளி வேறு என்பதும் தொல்லை தந்தது. இங்கிலாந்துக்கான கருவியில் அது 6 மெகாஹெர்ட்ஸ், சீனாவுக்கானதில் 6.5. அவற்றை இங்குள்ள பெட்டியில் போட்டால் படம் தெளிவாக வரும், பேச்சு வராது. மெக்கானிக் தகரக் கூட்டைத் திறந்து, ஒலிக் காயிலின் ஃபெரைட் திருகை பிளாஸ்டிக் குச்சியால் திருப்பி 5.5க்குக் கொண்டுவருவார். 1990களில் கடைத்தெருவுக்கு வந்த மலிவான டிவி வீடியோ கேம்களுக்கும் இதே வைத்தியம் நடந்தது.

பணம் வாங்கி வீடியோவில் படம் காட்டுவது திரையரங்குகளை உறுத்தியது. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் வெரைட்டி ஹால் கட்டிய நகரத்தில் சினிமா ஒரு பெருந்தொழில். 1984இல் மத்திய அரசு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி வீடியோப் படங்களையும் அதற்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, டெக் வழியாக டிவித் திரையில் படம் காட்டுவதை முறைப்படுத்தத் தனிச் சட்டமே இயற்றியது. கேபிள் என்ற சொல் பொதுப் பேச்சுக்கு வரும் முன்பே அதன் கருவி சட்டத்தின் பார்வைக்கு வந்துவிட்டது.

அதே 1984இல் தூர்தர்ஷன் நாடெங்கும் குறைந்த திறன் ஒளிபரப்பிகளை அதிவேகத்தில் நிறுவியது. அந்தப் பத்தாண்டில் கொடைக்கானல் மலையிலிருந்து உயர்திறன் ஒளிபரப்பும் கிடைத்தது. மலைநகரின் உயரம் சுமார் 2,100 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து புறப்படும் விஎச்எஃப் அலைக்குத் தொடுவானம் ஏறக்குறைய 190 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். பழனி, உடுமலை, தாராபுரம் பகுதிகள் மலையின் காலடியில் இருந்தன. கோவை சுமார் 100 கிலோமீட்டர். வீட்டின் மேல் இரும்புக் குழாயை நட்டு, அதன் உச்சியில் ஆண்டெனாவையும் பூஸ்டரையும் கட்டி, கொடைக்கானல் திசைக்குத் திருப்பினார்கள். குழாய்க்கும் பூஸ்டருக்கும் செலவிட எல்லோராலும் முடியவில்லை. ஒருவர் வீட்டு ஆண்டெனாவிலிருந்து நாலு வீட்டுக்குக் கேபிள் இழுப்பது அப்படித் தொடங்கியது. கோவையின் லைன் வீடுகளுக்கு, ஒரே கூரையின் கீழ் பத்துக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் அந்த அமைப்புக்கு, இது கச்சிதமாகப் பொருந்தியது. அதே கேபிளில் தூர்தர்ஷன் இல்லாத ஒரு சேனலில் டெக்கின் மாடுலேட்டரைச் சேர்த்துவிட்டால் வீட்டுக்கு வீடு சினிமா. ஆண்டெனா, டெக், மாடுலேட்டர், பூஸ்டர், ஸ்பிளிட்டர்: கேபிள் டிவியின் உறுப்புகள் அனைத்தும் செயற்கைக்கோளுக்கு முன்பே தெருவில் கூடியிருந்தன.

1991இல் செயற்கைக்கோள் வழியாக வளைகுடாப் போர்க் காட்சிகளும், பிறகு ஏஷியாசாட்-1 செயற்கைக்கோளிலிருந்து ஸ்டார் டிவியும் வந்தன. 1992 அக்டோபரில் ஜீ, 1993 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி. தமிழில் ஒரு தனியார் சேனல் வந்த பிறகு கேபிள் இல்லாத தெரு அரிதானது. மொட்டை மாடியில் வலை டிஷ் ஏறியது. அது 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரையிலான சி பேண்ட் அலையைப் பிடிக்கும். முனையில் உள்ள எல்என்பி அதை 950 முதல் 1450 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கும். ரிசீவர் அதிலிருந்து ஒரு சேனலின் படத்தையும் ஒலியையும் பிரித்துத் தரும். அந்தப் படத்தையும் ஒலியையும் மீண்டும் டிவி அதிர்வெண்ணில் ஏற்றாமல் கேபிளில் அனுப்ப முடியாது. ஆகவே சேனல் ஒன்றுக்கு ஒரு ரிசீவர், ஒரு மாடுலேட்டர். எட்டுச் சேனல் தர வேண்டுமென்றால் எட்டு மாடுலேட்டர். கேபிள்காரர்கள் கண்ட்ரோல் ரூம் என்று அழைத்த அந்தச் சிறிய அறையின் அளவை நிர்ணயித்தது இந்தக் கணக்குதான்.

இங்கேதான் ஒற்றை ஐசி மாடுலேட்டரின் பலவீனம் வெளிப்பட்டது. ஊர்தி அலையோடு வீடியோவைப் பெருக்கினால் அலைக்கு மேலே ஒரு பக்கப்பட்டை, கீழே ஒரு பக்கப்பட்டை என்று இரண்டு உண்டாகும். ஒரே தகவலை இரண்டும் சுமக்கும். பால்-பி முறையில் மேற்பட்டையை முழுதாக வைத்துக்கொண்டு, கீழ்ப்பட்டையில் 0.75 மெகாஹெர்ட்ஸ் அளவு மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிட வேண்டும். அப்படி வெட்டினால்தான் 7 மெகாஹெர்ட்ஸுக்குள் ஒரு சேனல் அடங்கும். வீட்டுக் கணினிக்கும் டெக்கிற்கும் செய்த ஐசிகள் வெட்டுவதில்லை. அவை தனியாக ஒரு டிவியோடு பேசுபவை. பக்கத்துச் சேனல் என்று ஒன்று அவற்றுக்கு இல்லை. கண்ட்ரோல் ரூமில் எட்டு மாடுலேட்டர்களின் வெளியீட்டையும் ஒரே கேபிளில் கலந்தபோது, ஒன்றின் கீழ்ப்பட்டை அதற்குக் கீழே உள்ள சேனலின் படத்திலும் ஒலியிலும் போய் விழுந்தது. படத்தின் மேல் வேறொரு படத்தின் நிழல் நகர்ந்தது. வலை பின்னியதுபோல் கோடுகள் ஓடின.

ஒரு சேனல் விட்டு ஒரு சேனலில் ஏற்றுவதே எளிய தீர்வு. விஎச்எஃப் பகுதியில் 2 முதல் 12 வரை 11 சேனல்கள். நான்காம் சேனல் 68 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, ஐந்தாம் சேனல் 174இல் தொடங்குகிறது. எண்ணில் அடுத்தடுத்து இருந்தாலும் அலையில் அவை அண்டை வீடுகள் அல்ல. எனவே 2, 4, 5, 7, 9, 11 என்று ஆறு சேனல்களைத் தடையின்றித் தரலாம். 1990களின் தொடக்கத்தில் தெருக் கேபிள்கள் ஐந்தாறு சேனல்களோடு நின்றதற்குச் செயற்கைக்கோளில் சேனல் குறைவு என்பது மட்டும் காரணம் அல்ல. மாடுலேட்டரில் வடிகட்டி இல்லாததும் காரணம். உள்ளூர்த் தூர்தர்ஷன் ஒளிபரப்பு எந்தச் சேனலில் வருகிறதோ அதையும் கேபிளில் தவிர்ப்பது நல்லது. கேபிளில் வரும் அலைக்கு முன்பே காற்றில் வரும் அலை பெட்டியின் உள்சுற்றில் நேராக இறங்கிவிடும். உருவத்தின் இடப்பக்கத்தில் ஒரு நிழல் முந்திக்கொண்டு தெரியும்.

வெப்பமும் பகையாக இருந்தது. காயிலும் மின்தேக்கியும் மட்டும் நிர்ணயிக்கும் அலையியற்றி சூட்டில் நகரும். ஓட்டுக் கூரையின் கீழோ மொட்டை மாடித் தகரக் கொட்டகையிலோ இருந்த கண்ட்ரோல் ரூமில், காலையில் சரியாக நின்ற சேனல் சித்திரை வெயிலில் பிற்பகலுக்குள் விலகிப் போகும். பார்ப்பவர் வீட்டில் நிறம் போகும், பிறகு ஒலி போகும். டிவியின் நுண்சரிசெய்யும் திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பது அந்தக் காலத்து வீடுகளின் பழக்கமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவற்றில் பக்கப்பட்டைச் சிக்கலைத் தீர்த்தது சா ஃபில்டர் எனப்படும் மேற்பரப்பு ஒலியலை வடிகட்டி. லித்தியம் நையோபேட் போன்ற படிகத்தின் மேல் மெல்லிய உலோக விரல்கள் வரையப்பட்டிருக்கும். ஒரு முனையில் வந்த மின்குறி படிகத்தின் தோலில் ஓடும் அதிர்வாக மாறி, மறுமுனையில் மீண்டும் மின்குறியாகும்போது, வேண்டிய அதிர்வெண்கள் மட்டும் மிஞ்சும். விரல்களின் நீளமும் இடைவெளியும்தான் கணக்கு. காயில்களை வைத்துப் பத்து இடங்களில் திருகிச் சரிசெய்ய வேண்டிய வேலையை, நாணயம் அளவுள்ள இந்தப் பொருள் திருகே இல்லாமல் செய்தது. டிவிப் பெட்டியின் உள்ளே பயன்படும் இடைநிலை அதிர்வெண்ணுக்கு, அதாவது படம் 38.9, ஒலி 33.4 மெகாஹெர்ட்ஸுக்கு, இத்தகைய வடிகட்டிகள் ஏராளமாகத் தயாரானதால் விலையும் இறங்கியது.

அதனால் தொழில்முறை மாடுலேட்டர் இரண்டு படிகளில் வேலை செய்யத் தொடங்கியது. எந்தச் சேனலாக இருந்தாலும் படத்தையும் ஒலியையும் முதலில் 38.9, 33.4இல் ஏற்றி, சா ஃபில்டரில் வேண்டாத பக்கப்பட்டையை வெட்டிவிடுவது முதல் படி. அதை வேண்டிய சேனலுக்குத் தூக்குவது இரண்டாம் படி. இரண்டாம் சேனலுக்கு 87.15 மெகாஹெர்ட்ஸ் அலையோடு கலந்தால் வேறுபாடு 48.25 கிடைக்கும், பன்னிரண்டாம் சேனலுக்கு 263.15. டிவிப் பெட்டியின் டியூனர் செய்வதைத் திருப்பிச் செய்வதுதான் இது. பண்பேற்றும் ஐசி இப்போது எல்லாச் சேனலுக்கும் ஒன்றே. மாறுவது தூக்கும் அலை மட்டும். அடுத்தடுத்த சேனல்களை இடைவெளி விடாமல் நிரப்ப முடிந்தது. 104 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எஸ்1 முதல் எஸ்10, 230 முதல் 300 வரை எஸ்11 முதல் எஸ்20 என்று காற்றில் டிவிக்குப் பயன்படாத இடங்களும் கேபிளுக்குள் சேனல்களாயின. 300 மெகாஹெர்ட்ஸுக்குள்ளேயே 31 சேனல்கள். ஆறிலிருந்து முப்பத்தொன்றுக்குத் தாவிய இந்த மாற்றத்துக்காக மக்கள் பழைய பெட்டியைத் தள்ளிவிட்டு எஸ் பேண்ட் உள்ள டிவி வாங்கினார்கள். பிறகு 470 வரை ஹைப்பர் பேண்ட்.

எஸ் சேனல்களில் ஓர் ஆபத்தும் உண்டு. 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசும் அலை. கேபிளுக்குள் அடைந்து கிடக்கும்வரை எஸ்3, எஸ்4 சேனல்களால் தீங்கில்லை. அறுந்த இடத்திலும் துருப்பிடித்த இணைப்பிலும் கசிந்தால் அவை வானொலி நிலையங்களாகிவிடும். 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி நெட்வொர்க்குகள் சட்டம், கேபிள் வலையமைப்பு மற்றத் தகவல்தொடர்பு அமைப்புகளுக்கு இடையூறு செய்யக்கூடாது என்று தனிப் பிரிவே வைத்தது. கேபிள்காரர் தலைமை அஞ்சலகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சொன்னதும் அதே சட்டம். பீளமேட்டில் விமான நிலையத்தை ஒட்டியே வீடுகள் நெருங்கிய கோவைக்கு இந்தப் பிரிவு வெறும் காகித விதி அல்ல.

அடுத்த முன்னேற்றம் அலையியற்றியை அடக்கியது. மோட்டரோலாவின் எம்சி 44353 வரிசை ஐசிகளில் கட்டப் பூட்டுச் சுற்றும் சேர்ந்தே வந்தது. அலையியற்றியின் அதிர்வெண்ணை வகுத்து, அசையாத படிகத்தின் அதிர்வெண்ணோடு ஓயாமல் ஒப்பிட்டு, விலகினால் இழுத்து நிறுத்தும் ஏற்பாடு அது. எந்தச் சேனல் என்பதைச் சிறு கட்டுப்படுத்தி ஐசி எண்ணாகச் சொன்னால் போதும். கேபிள் தொழிலுக்கு இதனால் கிடைத்த பெரிய நன்மை, சேனல் மாற்றக்கூடிய மாடுலேட்டர். முன்பு ஒவ்வொரு சேனலுக்கும் தனி மாடுலேட்டர் என்பதால், ஏதாவது ஒன்று பழுதானால் அந்தச் சேனல் மெக்கானிக் வரும்வரை இருண்டு கிடக்கும். இப்போது ஒரே ஒரு உபரிக் கருவி வைத்திருந்தால் செத்துப்போன எந்தச் சேனலின் இடத்திலும் அதைப் பொருத்தலாம்.

கொங்குக் கேபிளின் சொந்தப் படைப்பு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது லோக்கல் சேனல். தமிழகம் முழுவதும் அது இருந்தது. ஆனால் ஊருக்கு ஊர் கடை, மில், கோயில் என்று தனி வாழ்க்கை கொண்ட இந்தப் பகுதியில் அது குறிப்பாகச் செழித்தது. ஒரு சேனலில் ரிசீவருக்குப் பதிலாக டெக்கை மாட்டினால் வேலை முடிந்தது. காலையில் பக்திப் பாடல், மதியம் ஒரு படம், மாலையில் பிறந்தநாள் வாழ்த்து, இடையே ஜவுளிக்கடை, நகைக்கடை, பள்ளிச் சேர்க்கை, வீட்டுமனை விளம்பரங்கள், திரையின் அடியில் ஓடும் எழுத்து. மாசி மாதம் கோனியம்மன் தேர், பங்குனியில் பண்ணாரி குண்டம், தைப்பூசத்துக்கு மருதமலை. கோயில் கண்ட்ரோல் ரூமுக்கு அருகில் இருந்தால் தனிக் கேபிள் இழுத்து நேரலை. தூரமாக இருந்தால் பதிவு செய்து இரவில் போடுவார்கள். தன் தெருவையும் தன் மனிதர்களையும் திரையில் பார்த்த அனுபவத்தைப் பெரிய சேனல்கள் எதுவும் தரவில்லை. ஓர் ஐசியும் பத்துப் பதினைந்து உதிரி பாகங்களும் கொண்ட கருவி ஒரு பேரூராட்சிக்குத் தன் சொந்த ஒளிபரப்பைக் கொடுத்தது என்பது ஊடக வரலாற்றில் சிறிய செய்தி அல்ல.

அதே எளிமைதான் தீங்குக்கும் வழிவிட்டது. புதுப் படத்தின் திருட்டுக் கேசட்டும் பின்னர் சிடியும் அந்தச் சேனலில் ஏறின. தயாரிப்பாளரின் உழைப்பும் திரையரங்கின் வருமானமும் ஓர் இரவில் பறிபோயின. 2004இல் தமிழ்நாடு அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ் வீடியோ திருடர்களையும் கொண்டுவந்தது.

கொங்கு நாட்டின் குடியிருப்பு முறையும் இந்தத் தொழிலின் எல்லையை வரைந்தது. இங்கே விவசாயக் குடும்பங்கள் பல ஊருக்குள் வாழ்வதில்லை. தோட்டத்துச் சாளையில் வாழ்கின்றன. இரண்டு சாளைகளுக்கு நடுவே அரைக் கிலோமீட்டர் சோளக்காடோ தென்னந்தோப்போ இருக்கும். வழக்கமான கேபிளில் 100 மீட்டருக்கு இழப்பு 50 மெகாஹெர்ட்ஸில் சுமார் 5 டெசிபல். 550 மெகாஹெர்ட்ஸில் சுமார் 16. லைன் வீட்டுத் தெருவில் ஓர் ஆம்ப்ளிஃபயர் நூறு வீட்டுக்குப் போதும். தோட்டத்துக்குப் போகும் கேபிளில் ஒரு வீட்டுக்காகவே ஆம்ப்ளிஃபயர் வைக்க வேண்டிவரும். அப்படி வைத்தாலும் தாழ்ந்த எண் சேனல்கள் தெளிவாகவும், மேலே போகப் போகப் புள்ளி புள்ளியாகவும் தெரியும். எந்தச் சேனலை எந்த எண்ணில் ஏற்றுவது என்பது அதனால் பணமும் செல்வாக்கும் கலந்த முடிவானது. தூர்தர்ஷன் சேனல்களைப் பிரைம் பேண்டில், அதாவது நன்றாகத் தெரியும் தாழ்ந்த பகுதியில், தந்தாக வேண்டும் என்று 2000ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டாயப்படுத்தியதன் பொருள் இதுதான். 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச டிடிஎச்சும், அதையொட்டிய ஆண்டுகளில் தனியார் டிடிஎச்களும் வந்தபோது, கேபிள் எட்டாத சாளைகளின் கூரைகளில் சிறு டிஷ்கள் முளைத்தன.

நகரத்திலும் கிராமத்திலும் கேபிளின் தேவையைப் பெருக்கியது 2006இல் தொடங்கிய இலவசக் கலர் டிவித் திட்டம். ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் தமிழகமெங்கும் போயின. 2007இல் அரசு கேபிள் டிவி நிறுவனம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தஞ்சாவூர், கோவை, வேலூர், திருநெல்வேலி ஆகிய ஊர்களில் அதன் கட்டுப்பாட்டு அறைகள் எழுந்தன. சிறிது காலம் முடங்கிக் கிடந்து, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் அது மீண்டும் தொடங்கியது. தெருவுக்கு ஒரு கண்ட்ரோல் ரூம் என்ற நிலை அதற்கு முன்பே மாறிவிட்டிருந்தது. ஒளியிழைக் கேபிள் வந்த பிறகு மாவட்டத் தலைநகரில் ஒரே இடத்தில் மாடுலேட்டர்களை வைத்து, நூறு கிலோமீட்டர் தாண்டியும் அனுப்ப முடிந்தது. தெருவில் மிஞ்சியவை ஒளியை மின்குறியாக்கும் பெட்டியும் ஆம்ப்ளிஃபயர்களும், பல இடங்களில் லோக்கல் சேனலுக்கான ஒற்றை மாடுலேட்டரும்.

2011ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் டிஜிட்டல் முறையைக் கட்டாயமாக்கியது. இரண்டாம் கட்டத்துக்கான 38 நகரங்களில் கோவையும் இருந்தது. கெடு 2013 மார்ச் 31. கொங்கின் மற்ற ஊர்கள் அடுத்த கட்டங்களில் வந்தன, கடைசிக் கெடு 2017 மார்ச் 31. அந்த ஆண்டு உரிமம் பெற்ற அரசு கேபிள் நிறுவனம் செட்டாப் பாக்ஸ் வழங்கத் தொடங்கியது. டிஜிட்டல் கேபிளிலும் மாடுலேட்டர் உண்டு. அதன் வேலை வேறு. 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் அலையின் வீச்சையும் கட்டத்தையும் சேர்த்து 64 நிலைகளில் மாற்றி, நொடிக்கு சுமார் 38 மெகாபிட் தகவலை அது ஏற்றுகிறது. முன்பு ஒரு சேனல் நின்ற இடத்தில் பத்துக்கும் மேற்பட்ட சேனல்கள். ஊர்தி அலையும் பக்கப்பட்டையும் கணக்குகளாக ஒரே சில்லுக்குள் உருவாகி, அதிவேக எண்-மின் மாற்றி வழியாக நேரே வெளியே வருகின்றன. காயில் இல்லை, திருகு இல்லை, சா ஃபில்டர் இல்லை. ஒரு சிறு அலமாரித் தட்டின் உயரமுள்ள பெட்டி, பழைய கண்ட்ரோல் ரூம் சுவர் முழுவதையும் அடைத்திருந்த கருவிகளின் வேலையைச் செய்கிறது.

2022 மார்ச்சுக்குள் தூர்தர்ஷனும் எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் தவிர்த்துத் தன் அனலாக் ஒளிபரப்பிகளை நிறுத்திக்கொண்டது. 48.25 மெகாஹெர்ட்ஸில் தேடினால் காற்றில் இப்போது நிலையம் இல்லை. அனலாக் மாடுலேட்டர் இன்னும் விற்கிறது. தங்கும் விடுதிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் வாயில் கேமராவின் படத்தை எல்லா அறை டிவிக்கும் ஒரு சேனலாகத் தர அதுவே எளிய வழி. ஆண்டெனா சாக்கெட் மட்டும் உள்ள பழைய பெட்டியை செட்டாப் பாக்ஸோடு இணைக்கவும் அதுதான் தேவைப்படுகிறது. 2006க்குப் பிறகு வந்த 14 அங்குலப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடைகளில் அந்தச் சிறு தகரக் கூடு இன்றும் கிடைக்கும்.